8 போதுமா... 16 வேணுமா? லேப்டாப் கடைக்குப் போகும் முன் ஒரு ஏலக்காய்க் கணக்கு!

போடிநாயக்கனூரில் '8' என்றால் ஏலக்காய் வியாபாரிகளுக்கு முதலில் ஞாபகம் வருவது 8 மி.மீ. காய். சல்லடையில் சலித்துப் பிரித்த, நல்ல விலைக்குப் போகும் பெரிய காய். ஆனால், பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கிற வீட்டில் ஜூன், ஜூலை மாதங்களில் '8' என்ற எண்ணுக்கு வேறு அர்த்தம் வந்துவிடுகிறது. லேப்டாப்பில் 8 ஜி.பி. போதுமா, 16 ஜி.பி. வாங்க வேண்டுமா?

விடியற்காலையில் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாக மலை கடந்து, பூப்பாறை, சாந்தன்பாறை பக்கம் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போய், பொழுது சாயத் திரும்பி வரும் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மகளுக்கு இன்ஜினீயரிங் சீட் கிடைத்திருக்கிறது. காய் பறிப்பு இன்னும் சூடு பிடிக்கவில்லை. கையில் இருப்பது சீட்டு எடுத்த பணம். அதை மடியில் முடிந்துகொண்டு லேப்டாப் கடைக்கு வருகிறார்கள்.

"அண்ணே, பொண்ணு இன்ஜினீயரிங் சேந்திருக்கு. நாலு வருஷம் தாங்குற மாதிரி ஒண்ணு காட்டுங்க."

"8 ஜி.பி. போதும்ணே. 16 எடுத்தா இன்னும் நல்லா ஓடும். ரேட்டு மட்டும் கொஞ்சம் கூட வரும்."

அப்பா மகளைப் பார்க்கிறார். மகள் செல்போனில் தேடுகிறாள். அதில் ஒருவர் '8 தாராளம்' என்கிறார், இன்னொருவர் '16-க்குக் கீழே வாங்கவே வாங்காதீர்கள்' என்கிறார். அம்மா மட்டும்தான் சரியான கேள்வியைக் கேட்கிறார்: "அது கூடக் குறைய இருந்தா என்ன ஆகும்?"

அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

கிட்டங்கி வேறு, மேசை வேறு!

போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் இடத்தைப் பார்த்தவர்களுக்கு லேப்டாப் மெமரி சட்டென்று புரிந்துவிடும்.

கிட்டங்கியில் மூட்டை மூட்டையாகக் காய் அடுக்கியிருக்கும். ஆனால், மூட்டைக்குள் இருக்கிற காயை யாரும் தரம் பிரிக்க முடியாது. வேண்டிய அளவை எடுத்து வந்து மேசையில் கொட்ட வேண்டும். அதன்பிறகுதான் பெண்கள் உட்கார்ந்து உடைந்த காய், நிறம் மங்கிய காய் என்று பொறுக்குவார்கள்.

லேப்டாப்பில் அந்தக் கிட்டங்கிதான் எஸ்.எஸ்.டி. அல்லது ஹார்ட் டிஸ்க். உங்கள் படங்கள், பாடங்கள், சினிமா எல்லாம் நிரந்தரமாகத் தங்கும் இடம். அந்த மேசைதான் ரேம். நீங்கள் இந்த நிமிடம் திறந்து வைத்திருக்கிற வேலை எல்லாம் பரப்பிக் கிடக்கும் இடம். லேப்டாப்பை அணைத்தால் மேசை காலியாகிவிடும். கிட்டங்கியில் இருப்பது அப்படியே இருக்கும்.

மேசை சிறியதாக இருந்தால் என்ன ஆகும்? புதுக் காயைக் கொட்ட இடமில்லாமல், ஏற்கெனவே கொட்டியதில் கொஞ்சத்தை அள்ளிக் கிட்டங்கியில் வைத்துவிட்டு வர வேண்டும். தேவைப்படும்போது மறுபடி போய் எடுத்துவர வேண்டும். நடையிலேயே பாதி நேரம் போய்விடும். ரேம் நிரம்பிய லேப்டாப்பும் இதைத்தான் செய்கிறது. இடம் போதாததை எஸ்.எஸ்.டி.க்கு அனுப்பி, திரும்பத் திரும்ப எடுத்துவருகிறது. நாம் அதை 'சிஸ்டம் ஹேங் ஆகுது' என்கிறோம்.

அதேசமயம், நாலு பேர் உட்காரும் வேலைக்கு நாற்பது பேர் மேசை போட்டாலும் வேலை வேகமாக முடிந்துவிடாது. மேசை நிரம்பும் வரைதான் அளவு முக்கியம். அதற்கு மேல் இருக்கிற இடம் சும்மா கிடக்கும். 8 ஜி.பி.யே நிரம்பாத ஒருவருக்கு 32 ஜி.பி. கொடுத்தாலும் அவருடைய லேப்டாப் பறக்கப்போவதில்லை.

'512 ஜி.பி. மெமரி' என்றால் நம்பிவிடாதீர்கள்!

கடைகளில் அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். செல்போன் வந்த பிறகு எல்லாவற்றையும் 'மெமரி' என்று சொல்லிப் பழகிவிட்டோம். '512 ஜி.பி. மெமரி' என்று சொன்னால் அது கிட்டங்கியின் அளவு. மேசையின் அளவு தனி. 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யும் வெறும் 4 ஜி.பி. ரேமும் உள்ள லேப்டாப்பைப் 'பெரிய மெமரி' என்று நினைத்து வாங்கி வந்து, வீட்டில் வைத்துத் தவிப்பவர்கள் உண்டு.

கிட்டங்கி போதாவிட்டால் பென் டிரைவோ, வெளியே மாட்டும் ஹார்ட் டிஸ்க்கோ வாங்கிச் சமாளிக்கலாம். மேசை போதாவிட்டால் அப்படி வெளியிலிருந்து எதையும் மாட்ட முடியாது. அதனால், கையில் இருக்கும் பணத்தில் 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யா, கூடுதல் ரேமா என்ற நிலை வந்தால், படிக்கிற பிள்ளைக்கு 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யோடு கூடுதல் ரேம் எடுப்பதே புத்திசாலித்தனம்.

இன்னொரு விஷயம். குறைந்த விலை லேப்டாப்களில் தனி கிராபிக்ஸ் கார்டு இருக்காது. திரையில் படம் காட்டும் வேலைக்கும் இதே ரேமிலிருந்துதான் ஒரு பங்கு போகும். சில நூறு எம்.பி. முதல் 2 ஜி.பி. வரைகூட அதற்கு ஒதுக்கப்படலாம். ஆக, 8 ஜி.பி. என்று வாங்கினாலும் முழு 8-ம் உங்கள் வேலைக்கு வராது.

அரசு போட்ட கணக்கு

ஒரு மாணவருக்கு எவ்வளவு ரேம் வேண்டும் என்ற கேள்வியை லட்சக்கணக்கான பிள்ளைகளுக்காக யோசித்த இடம் ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. அது அரசின் எல்காட் நிறுவனம்.

விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று அன்றைய முதல்வர் ஜெயலலிதாவால் தொடங்கப்பட்டது. அப்போது கொடுக்கப்பட்ட லேப்டாப்களில் இருந்தது 2 ஜி.பி. ரேம், 320 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். அந்தக் காலத்துக்கு அது போதுமானதாக இருந்தது. பிற்பாடு வந்தவற்றில் ரேம் 4 ஜி.பி. ஆனது. 2025 மார்ச்சில் தாக்கலான தமிழ்நாடு பட்ஜெட்டில், 2 ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. அதற்காக எல்காட் கேட்ட லேப்டாப்பில் 8 ஜி.பி. ரேம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.

கவனித்தீர்களா? ரேம் 2, 4, 8 என்று இரண்டு முறை இரட்டிப்பாகியிருக்கிறது. சேமிப்பு இடமோ எண்ணிக்கையில் 320-லிருந்து 256 ஆகக் குறைந்திருக்கிறது. ஆனால், வேகமான எஸ்.எஸ்.டி.யாக மாறியிருக்கிறது. பொதுப்பணத்தில் வாங்குபவர்களும் மேசையைத்தான் பெரிதாக்கியிருக்கிறார்கள்.

இன்றைக்குப் பொதுவான படிப்புக்கு 8 ஜி.பி. அடிப்படைத் தேவை என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். விண்டோஸ் 11 ஓடுவதற்குக் குறைந்தது 4 ஜி.பி. ரேம் வேண்டும் என்கிறது மைக்ரோசாஃப்ட். அது லேப்டாப் ஆன் ஆவதற்கான அளவு. நிம்மதியாக வேலை செய்வதற்கான அளவு கிடையாது.

மறுபக்கம், உலக நிறுவனங்கள் அடுத்த படிக்குப் போய்விட்டன. ஆப்பிள் 2024 அக்டோபரில் தன் மேக்புக் ஏர் வரிசையின் ஆரம்ப அளவையே 8-லிருந்து 16 ஜி.பி.க்கு உயர்த்தியது. மைக்ரோசாஃப்ட்டும் அதே ஆண்டில், ஏ.ஐ. வசதிகள் கொண்ட 'கோபைலட் பிளஸ்' கம்ப்யூட்டர் என்று பெயர் போட வேண்டுமானால் குறைந்தது 16 ஜி.பி. இருக்க வேண்டும் என்று வரையறுத்தது. இன்று வாங்கும் லேப்டாப்பை நான்கு ஆண்டுகள் வைத்திருக்கப் போகிறவர்கள் இதையும் மனதில் வைக்க வேண்டும்.

யாருக்கு எவ்வளவு?

போடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் ஏலம் 2007-ல் மின்னணு முறைக்கு மாறியது. வாய்விட்டு விலை கேட்ட காலம் போய், வியாபாரிகள் கம்ப்யூட்டர் திரைக்கு முன் உட்கார்ந்து விலை போடுகிறார்கள். கோடிக்கணக்கில் புரளும் வியாபாரம்தான். ஆனாலும் அந்தத் திரையில் நடப்பது ஒரே ஒரு வேலை. அந்த மாதிரி வேலைக்குப் பெரிய ரேம் தேவைப்படாது.

அந்த வியாபாரியின் மகனை எடுத்துக்கொள்வோம். கல்லூரி ஆன்லைன் வகுப்பு ஒரு பக்கம், இருபது இணையப் பக்கங்கள் திறந்த பிரவுசர் ஒரு பக்கம், 200 பக்க பி.டி.எஃப். ஒரு பக்கம், வாட்ஸ்அப், கூடவே ஒரு பாட்டு. பணம் புரள்வது அப்பாவின் திரையில். மேசை நிரம்புவது மகனின் லேப்டாப்பில். ஆகவே, 'எவ்வளவு முக்கியமான வேலை' என்று பார்க்காமல், 'ஒரே நேரத்தில் எத்தனை வேலை' என்று பாருங்கள்.

கலை, வணிகவியல் படிப்பவர்கள்: பாடக் குறிப்பு, எக்செல், பவர்பாயின்ட், ஆன்லைன் வகுப்பு. 8 ஜி.பி. போதும். சி.பி.ஏ. கல்லூரி போன்ற உள்ளூர்க் கல்லூரிகளில் இந்தப் படிப்புகளில் சேர்பவர்கள் 16 இல்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

தோட்டக் கணக்கு, கடைக் கணக்கு பார்ப்பவர்கள்: டேலி, ஜி.எஸ்.டி. தாக்கல், பேங்க் வேலை. இவர்களுக்கும் 8 ஜி.பி. தாராளம்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பவர்கள்: முதலாண்டில் சி, பைத்தான் எழுதிப் பழக 8 போதும். மூன்றாம் ஆண்டில் செல்போன் ஆப் செய்யத் தொடங்கினால் கதை மாறும். அதற்கான ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை அதன் எமுலேட்டரோடு சேர்த்து ஓட்ட 16 ஜி.பி. வேண்டும் என்கிறது கூகுள். இவர்களுக்கு 16.

மெக்கானிக்கல், சிவில் படிப்பவர்கள்: ஆட்டோகேட் மென்பொருளுக்குக் குறைந்தபட்சமே 8 ஜி.பி. முப்பரிமாண வரைபடங்கள் வந்துவிட்டால் அது திணறும். 16 எடுப்பது நல்லது.

வீடியோ எடிட்டிங் செய்பவர்கள்: கல்யாண வீடியோ, யூடியூப் சேனல் என்று இறங்கியவர்களுக்கு 16-தான் தொடக்கம். 4கே வீடியோ என்றால் 32 வரை யோசிக்கலாம்.

பேரன் முகத்தைப் பார்க்க வாங்கும் தாத்தா, பாட்டி: வீடியோ காலுக்கும் சீரியலுக்கும் 8 ஜி.பி. போதும். மிச்சப் பணத்தில் பெரிய திரையாக எடுத்துக் கொடுங்கள்.

உங்கள் தேவையை நீங்களே அளக்கவும் வழி இருக்கிறது. உறவினர் வீட்டிலோ, நண்பரிடமோ இருக்கும் விண்டோஸ் லேப்டாப்பில் நீங்கள் வழக்கமாகச் செய்யப்போகும் வேலைகளை எல்லாம் ஒன்றாகத் திறந்து வையுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று பட்டன்களையும் சேர்த்து அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். அதில் மெமரி எத்தனை ஜி.பி. செலவாகிறது என்று தெரியும். 8 ஜி.பி. லேப்டாப்பில் 6 ஜி.பி.யைத் தாண்டாமல் இருந்தால் உங்களுக்கு 8 போதும். எப்போதும் 7-ஐத் தொட்டுக்கொண்டே இருந்தால் 16 பக்கம் போங்கள்.

கழற்ற முடியுமா? இதுதான் முதல் கேள்வி

பணம் குறைவாக இருப்பவர்களுக்கு ரேம் அளவைவிட முக்கியமான ஒரு கேள்வி இருக்கிறது. 'பின்னாடி ரேம் கூட்டிக்க முடியுமா?'

சில லேப்டாப்களில் ரேம் தனிப் பட்டையாக, ஸ்லாட்டில் செருகப்பட்டிருக்கும். ஒரு ஸ்லாட் காலியாகவும் இருக்கலாம். அப்படிப்பட்டதை 8 ஜி.பி.யோடு வாங்கினால், இரண்டு வருடம் கழித்துத் தேவைப்படும்போது இன்னொரு 8 ஜி.பி. பட்டையைச் செருகிக்கொள்ளலாம். வேலை சில நிமிடம்தான். இரண்டு பட்டைகள் சேர்ந்து வேலை செய்வதால் கிராபிக்ஸ் வேகமும் கொஞ்சம் கூடும்.

மெல்லிய, எடை குறைந்த லேப்டாப்கள் பலவற்றில் ரேம் மதர்போர்டிலேயே சால்டர் செய்து ஒட்டப்பட்டிருக்கும். வாங்கிய அன்று என்னவோ, கடைசி வரை அதுதான். ஆப்பிள் லேப்டாப்கள் எல்லாமே இந்த வகை. ஒட்டிய ரேம் உள்ள லேப்டாப்பை இன்ஜினீயரிங் பிள்ளைக்கு வாங்குவதானால் 8 ஜி.பி. எடுக்காதீர்கள், 16 எடுங்கள். அதற்குப் பணம் போதவில்லையா? கொஞ்சம் கனமாக, பார்க்கச் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை என்று காலி ஸ்லாட் உள்ள 8 ஜி.பி. லேப்டாப்புக்குப் போங்கள். அழகைவிடக் காலி ஸ்லாட்டுக்கு மதிப்பு அதிகம்.

பின்னால் கூட்டும்போது ஒரு கவனம் தேவை. டி.டி.ஆர். 4, டி.டி.ஆர். 5 என்று ரேமில் வகைகள் உண்டு. ஒன்றின் இடத்தில் இன்னொன்று பொருந்தாது. உத்தரவாதக் காலத்தில் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கொடுத்து மாட்டுவதே பாதுகாப்பு.

ஏலக்காய் மாதிரி ஏறி இறங்கும் விலை

'இன்னும் ரெண்டு மாசம் பொறுத்தா விலை குறையுமா?' என்பது அடுத்த கேள்வி. ஏலக்காய் விலையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். 2019 ஆகஸ்ட்டில் ஏலத்தில் கிலோ அதிகபட்சமாக 7,000 ரூபாய் வரை போன காய், 2022-ல் சராசரியாக 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. வரத்து சுருங்கினால் ஏறும், பெருகினால் இறங்கும்.

ரேம் சந்தையும் அப்படித்தான். உலகத்தின் பெரும்பகுதி ரேம் சிப்களைத் தயாரிப்பவை சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று நிறுவனங்களே. ஏ.ஐ. சேவைகளுக்கான ராட்சத டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப் மூட்டை மூட்டையாகத் தேவைப்பட, தயாரிப்பு அந்தப் பக்கம் திரும்பியது. வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கான வரத்து சுருங்கி, 2025 கடைசியில் ரேம் விலை கிடுகிடுவென ஏறியது. மைக்ரான் நிறுவனம், 'குரூஷியல்' என்ற பெயரில் பொதுமக்களுக்கு நேரடியாக விற்றுவந்த மெமரி வியாபாரத்தையே கைவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது.

இறங்கும் நாளை ஏலக்காயிலும் யாராலும் குறித்துச் சொல்ல முடியாது, ரேமிலும் முடியாது. இருக்கும் லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தால் பொறுத்துப் பார்க்கலாம். கல்லூரி திறந்துவிட்டால் படிப்பு பொறுக்காது. அப்போதும் காலி ஸ்லாட்தான் கைகொடுக்கும். இன்றைக்குத் தேவையானதை இன்றைய விலைக்கு வாங்கி, மீதியை விலை இறங்கும்போது வாங்கலாம்.

பழைய லேப்டாப் வாங்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய மாடலில் 16 ஜி.பி. ரேம் இருந்தாலும் அதை நம்பிப் பணம் போடாதீர்கள்.

கடையில் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. ரேம் எத்தனை ஜி.பி.? எஸ்.எஸ்.டி. எத்தனை ஜி.பி.? இரண்டையும் தனித்தனியாகச் சொல்லச் சொல்லுங்கள்.

2. ரேம் ஒட்டியதா, ஸ்லாட்டில் உள்ளதா? காலி ஸ்லாட் இருக்கிறதா?

3. அதிகபட்சம் எத்தனை ஜி.பி. வரை கூட்டலாம்?

4. டி.டி.ஆர். 4-ஆ, 5-ஆ?

5. ரேம் கூட்டினால் உத்தரவாதம் போய்விடுமா?

பதில்களை வாய்வார்த்தையாக மட்டும் வாங்காதீர்கள். மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்தக் கம்பெனியின் இணையதளத்தில் ஒருமுறை சரிபாருங்கள். காயைக் கையில் உருட்டிப் பார்க்காமல் யாராவது விலை பேசுவார்களா?

மறுபடி அந்தக் குடும்பத்திடம் வருவோம். மகள் சேர்ந்திருப்பது கம்ப்யூட்டர் சயின்ஸ். ஒட்டிய 16 ஜி.பி. உள்ள மெல்லிய லேப்டாப் கைக்கு எட்டாத விலையில் இருக்கிறது. பக்கத்தில் கொஞ்சம் தடிமனான ஒன்று: 8 ஜி.பி., ஒரு ஸ்லாட் காலி. மகள் ஐந்து கேள்விகளையும் கேட்டு, பதில்களைச் செல்போனில் சரிபார்க்கிறாள்.

"இப்போதைக்கு இது போதும்ப்பா. மூணாவது வருஷம் இன்னொரு 8 போட்டுக்கலாம்."

அப்பா அம்மாவைப் பார்க்கிறார். அம்மா மடியிலிருந்து பணத்தை எடுத்து எண்ணுகிறார். எண்ணி முடித்த பிறகும், ஹாஸ்டலுக்குக் கட்ட வேண்டியது கையில் மிச்சம் இருக்கிறது.